நீலசந்திரா லைன் வீட்டுத் துணிப்பெட்டி

இன்றைக்குக் காலையிலும் காலிங் பெல் அடித்தது. பால்காரர் இல்லை, கரண்ட் பில்காரர் இல்லை. பார்சல். மாடியில் இருக்கும் என் தம்பி மகள் காவியாவுக்கு. சந்தாபுராவில் இருக்கும் இந்த வீடு என் கையால் சம்பாதித்துக் கட்டினது. கீழே நான், மேலே தம்பி குடும்பம். மேல் வீட்டுப் பார்சலுக்குக் கதவு திறக்கிற உத்தியோகம் மட்டும் கீழ் வீட்டுக்காரிக்கு. ஒருத்தர் புதுசைக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் பைக் தெருமுனை திரும்புவதற்குள் இன்னொருத்தர் வந்து, போன வாரம் வாங்கினதைத் திருப்பி எடுத்துப் போனார்.

திருப்பிப் போனது எது தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை அவள் சிநேகிதி பிறந்தநாளுக்குப் போட்டுக்கொண்டு போனாளே, அதே கவுன். விலை அட்டையைக் கழற்றாமல் முதுகுக்குள்ளே செருகிக்கொண்டு, ஒரு சாயங்காலம் போட்டோ எடுத்துவிட்டு, "பிடிக்கவில்லை" என்று போனில் ஒரு தட்டு தட்டினால் போதுமாம், அவனே வந்து வாங்கிக்கொள்வானாம். கேட்டால், "அத்தே, ஒரு வாட்டி போட்டோல வந்துட்டா மறுபடி எப்படி அதையே போடறது?" என்கிறாள். அவள் பீரோவைத் திறந்தால் துணி காலில் விழுகிறது. அந்தக் குவியலில் நின்றுகொண்டு திங்கள்கிழமை தவறாமல், "போட்டுக்க ஒண்ணுமே இல்ல" என்று அவள் அம்மாவிடம் சண்டை.

ஒருநாள் பொறுக்க முடியாமல் எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டச் சொன்னேன். ஒரு சட்டை இருக்கிறது, அதற்குக் கீழே போட ஒன்றும் இல்லை. ஒரு பேன்ட் இருக்கிறது, அதற்கு உயரமான செருப்பு வேண்டும், அந்தச் செருப்பு கடிக்கிறது. ஒரு கவுனுக்குத் தோள் இல்லை. ஒன்றை மெஷினில் போடக் கூடாது, ஒன்றை வெயிலில் போடக் கூடாது. ஒன்று இன்னொன்றின் முகத்தில் முழிக்காது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒருத்தரோடு ஒருத்தர் பேசாத மருமகள்கள் மாதிரி அத்தனையும் கிடந்தன. 

உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்கு நாலாவதுக்கு மேல் படிப்பு இல்லை. இதைக்கூட எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனால் துணி விஷயத்தில் என்னை ஏமாற்ற ஒருத்தன் பிறந்து வர வேண்டும். நீலசந்திராவில் நான் கடை நடத்தின காலத்தில், காரில் வருகிற சீமாட்டிகள்கூட என் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, "நீங்களே எடுத்துக் கொடுங்க" என்று கேட்டிருக்கிறார்கள். சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு எதிரே பெண்கள் தங்குகிற பி.ஜி. ஒன்று இருக்கிறது. சேலம், தர்மபுரி, வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள். காவியா சொல்லித்தான் போன மாதம் அவர்கள் என்னைக் கூப்பிட்டார்கள், "துணி வாங்கறது எப்படின்னு சொல்லித் தாங்க ஆன்ட்டி" என்று. நானும் மெனக்கெட்டுப் போனேன். சட்டையை உள்பக்கம் திருப்பிக் காட்டினேன். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினேன். "கையைத் தூக்குங்க, பஸ் கம்பியைப் பிடிக்கிற மாதிரி. இடுப்பு தெரிஞ்சா அந்தச் சட்டை வேணாம்" என்றேன். கைதட்டினார்கள். ஒருத்தி போனில் படம் பிடித்து எங்கேயோ போட்டாள், ஊர்ப்பட்ட இதயப் பொம்மைகள் வந்ததாகக் காட்டினாள். அடுத்த வெள்ளிக்கிழமை ஏதோ தள்ளுபடியாம், பி.ஜி. வாசலில் பார்சல் மலை. படம் பிடித்தவளின் பெயர்தான் அதில் முக்கால்வாசி. நான் சொன்னதை அவர்கள் பாட்டுக் கேட்கிற மாதிரி கேட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான்.

காவியா இன்றைக்குப் பார்சலைக் கூடத்திலேயே கிழித்தாள். அந்த பிளாஸ்டிக் கவர் வாசனை இருக்கிறதே, இஸ்திரிச் சூடு ஆறுவதற்குள் மூடின துணியும் பசையும் கலந்த வாசனை, அது மூக்கில் ஏறினதும் நான் பீன்யாவுக்குப் போய்விட்டேன்.

பதினாறு வயதில் பீன்யாவில் ஒரு கார்மென்ட்ஸ் பேக்டரியில் சேர்ந்தேன். நீலசந்திராவிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். வேலை, நூல் வெட்டுகிறது. மேஜையில் சட்டை வந்து குவிந்துகொண்டே இருக்கும், தையல் முடிந்த இடத்தில் தொங்குகிற நூல் நுனிகளைக் கத்தரிக்க வேண்டும். அதைவிடக் கீழான வேலை அங்கே கிடையாது, கூட்டுகிறவர்கூட எங்களை அதட்டுவார். ஆனால் அந்த மேஜைதான் என் பள்ளிக்கூடம். நூல் வெட்ட வேண்டுமானால் சட்டையை உள்பக்கம் திருப்ப வேண்டும். மற்றவர்கள் துணியை முகம் பார்த்து வாங்குவார்கள். நான் வயிற்றைப் பார்த்து வாங்குவேன். தையலுக்கு உள்ளே துணி விட்டிருக்கிறதா, பொத்தான் காஜா பிரியுமா, கழுத்துப் பட்டை ஒரு துவைப்பில் சுருளுமா, எல்லாம் வயிற்றில்தான் இருக்கிறது. எங்கள் சூப்பர்வைசர் ஒரு மலையாளத்துக்காரர், கத்துவதற்கென்றே பிறந்தவர். அவரே ஒருநாள் ஒரு சட்டையை என்னிடம் கொண்டுவந்து, "இதில் என்ன கோளாறு, நீ சொல்லு" என்று கேட்டார். சொன்னேன். அதற்கப்புறம் கத்தினார்தான், ஆனால் தள்ளி நின்று கத்தினார்.

அப்போது நீலசந்திராவில் நாங்கள் இருந்தது லைன் வீடு. ஒரு வாசல், உள்ளே எதிரும் புதிருமாக ஒற்றை அறை வீடுகள், நடுவே ஒரு குழாய், குழாய்க்கு மேலே குறுக்கே ஒரே கொடி. வேலைக்குப் போகிற பெண்கள் நாங்கள் ஆறு பேர். ஒருத்தியிடம் இரண்டு செட் இருந்தால் அவள் பணக்காரி. அந்த ஆறு பேருக்கும் சேர்த்து ஒரே துணிப்பெட்டி என்று நான் ஏற்பாடு செய்தேன். பட்டாளத்துக்காரர் வீட்டில் கழித்துப் போட்ட பச்சைத் தகரப் பெட்டி, எங்கள் வீட்டுக் கட்டிலடியில் இருக்கும். போனஸோ ஓவர்டைம் காசோ வந்தால் அவரவர் ஏதோ கொஞ்சம் பெட்டிக்குப் போடுவார்கள். அதில் வாங்குகிற துணி யாருடையதும் இல்லை, பெட்டியுடையது. யாருக்கு அன்றைக்கு நல்ல துணி தேவையோ, அவள் எடுத்துப் போட்டுக்கொண்டு, துவைத்து, மடித்து வைக்க வேண்டும்.

இதில் சூட்சுமம் என்னவென்றால் எதை வாங்குவது என்பதுதான். நான் துணியில் இரண்டு ஜாதி வைத்திருந்தேன். கத்துகிற கலர், ஊமைக் கலர். கறுப்பு, சாம்பல், கருநீலம், சந்தனம் எல்லாம் ஊமை. அவை யார் பக்கத்தில் நின்றாலும் சண்டை போடாது. பெட்டிக்குள் ஏற்கெனவே இருக்கிற எல்லாவற்றோடும் சேராத துணியை வாங்கக் கூடாது. கடைக்குப் போகும்போது பெட்டியிலிருந்து ஒரு சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டே போவோம், புதுசைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க. பக்கவாட்டில் துணி விட்டுத் தைத்ததாகத்தான் வாங்க வேண்டும், குண்டாக இருப்பவளுக்குப் பிரிக்கலாம், ஒல்லிக்குப் பிடித்துத் தைக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சிவாஜிநகர் பிளாட்பாரத்துக்கு இவர்களைக் கூட்டிப்போய்ப் பழக்கினேன். எக்ஸ்போர்ட்டில் கழித்த துணி அங்கே மலையாகக் கிடக்கும். பேரம் பேசுகிற நேரம் முழுக்கத் துணி ஓரத்தை முஷ்டிக்குள்ளே கசக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது என் விதி. கடைக்காரர் "அக்கா, அச்சா மால், ஃபாரின் போற ஐட்டம்" என்று சத்தியம் பண்ணிக்கொண்டிருப்பார். அவர் முடித்ததும் முஷ்டியைத் திறந்தால், சுருக்கம் நிற்கிறதா விரிகிறதா என்று துணி உண்மையைச் சொல்லும். கைக்குட்டை ஓரத்தை ஈரம் பண்ணி மடிப்புக்குள் ஒரு தேய் தேய்த்தால் சாயத்தின் குணம் தெரிந்துவிடும். இதெல்லாம் நான் கண்டுபிடித்தது. எவளும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

எங்கள் ஆறு பேரில் கௌதமி நல்ல உயரம். பத்தாவது பாஸ், இங்கிலீஷ் வரும். அவர்கள் வீட்டுச் சுவரில் புத்தர் படமும் அம்பேத்கர் படமும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டியிருக்கும், அதன் கீழே உட்கார்ந்துதான் படிப்பாள். அப்பா சென்ட்ரிங் வேலையில் சாரத்திலிருந்து விழுந்து படுத்துவிட்டார். அவள் அம்மா ராணியக்கா நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து ஓட்டிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் ஊரில் கண்ணாடிக் கட்டடங்கள் முளைக்கத் தொடங்கியிருந்தன. எம்.ஜி. ரோடு பக்கம் ஒரு பெரிய ஆபீஸில் ரிசப்ஷனில் உட்கார ஆள் எடுத்தார்கள். கௌதமிக்கு ஒரு மாதம் டிரெயினிங். தேறினால் வேலையும் யூனிபாரமும். தேறாவிட்டால் பஸ் காசு நஷ்டம். டிரெயினிங் கொடுத்த மேடம் முதல் நாளே சொல்லிவிட்டாளாம், முன்னால் உட்காருகிற பெண் நேற்றுப் பார்த்த மாதிரி இன்றைக்கு இருக்கக் கூடாது என்று.

அந்த மாதம் பெட்டி முழுசும் கௌதமிக்கு. நாங்கள் பேக்டரிக்கு ஏப்ரன் போட்டுக்கொண்டு போகிறவர்கள், உள்ளே கிழிசல் இருந்தால் யாருக்குத் தெரியும்? ஒரு கறுப்புப் பேன்ட்தான் மூலக் கம்பம். அதற்கு மேலே சட்டையை மாற்றி, சட்டைக்கு மேலே ஒரு கோட்டு, கோட்டில்லாமல் ஒரு ஸ்கார்ஃப் என்று நான் தினமும் ஒரு ஜோடி சேர்த்து அனுப்பினேன். மூன்றாவது வாரம் அந்த மேடமே, "உன்னிடம் எவ்வளவு துணி இருக்கிறது?" என்று கேட்டாளாம். அதைக் கேட்ட அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

கடைசி வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை, பேன்ட்டைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. கௌதமி இஸ்திரிப் பெட்டியை அப்படியே வைத்துவிட்டுக் குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனாள். கரண்ட் வந்தது. அவள் வருவதற்குள் முழங்கால் இடத்தில் படகு மாதிரி ஓர் ஓட்டை.

எனக்கு மறுநாள் ஷிப்மென்ட் ஓவர்டைம், போகாவிட்டால் வேலையே இல்லை. ஊதுபத்திக் கம்பெனியில் இருந்த வசந்தாவுக்குத்தான் ஞாயிறு லீவு. என்னிடம் பழகினவர்களில் அவள்தான் கெட்டிக்காரி, முஷ்டி விதியெல்லாம் அத்துப்படி. பெட்டியில் இருந்த காசு முழுசையும் அவள் கையில் கொடுத்து, "கறுப்பு பேன்ட். வேற எதையும் கண்ணால பாக்காத" என்று சொல்லி அனுப்பினேன்.

சாயங்காலம் நான் வந்தபோது லைன் வீடே குழாயடியில் நின்றது. கொடியில் ஒரு சுடிதார் தொங்கிக்கொண்டிருந்தது. கிளிப்பச்சை. கழுத்தைச் சுற்றிக் கண்ணாடி, கையில் ஜிகினா. காற்று அடிக்கும்போதெல்லாம் சுவரில் வெளிச்சம் ஓடியது.

வசந்தா அதைப் பிளாட்பாரத்தில்கூட வாங்கவில்லை, பெரிய கடையில், முழு விலைக்கு. அங்கேயே தன் அளவுக்குப் பிடிக்கவும் வைத்திருக்கிறாள். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அந்தக் கடைக்கு ஓடினேன். கன்னடத்தில் கேட்டேன், உருதுவில் கேட்டேன், கடைசியில் தமிழில் திட்டினேன். அளவு பிடித்ததைத் திருப்பி வாங்க மாட்டேன் என்று அந்த ஆள் காலண்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அந்தக் காலத்தில் விற்றது விற்றதுதான். போனைத் தட்டினால் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொண்டு போகிற கூத்து அப்போது கிடையாது.

திரும்பி வந்து குழாயடியில் அவளை நிற்க வைத்துக் கேட்டேன். கௌதமி ஒரு பக்கம் சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"ஏண்டி, அறிவிருக்கா? இந்தக் கலரு நம்ம பெட்டியில எதோட சேரும்?"

வசந்தா நிமிர்ந்து பார்த்தாள். "எதோடயும் சேரக் கூடாதுன்னுதான்கா வாங்கினேன். சேர்ந்தா எல்லாரும் எடுத்துப் போடுவீங்க."

  அந்த வார்த்தையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு எரிச்சல்தான். அவள் சொன்னது புரியாமல் இல்லை. புரிந்துவிட்டால் எரிச்சல் வரக் கூடாது என்று ஏதாவது சட்டம் இருக்கிறதா?

வைது பிரயோஜனமில்லை. மறுநாள் விடிந்தால் திங்கள். ஓட்டை விழுந்த பேன்ட்டைத் தரையில் விரித்துப் பார்த்தேன். ஓட்டை முழங்காலில். முழங்காலுக்கு மேலே துணி உயிரோடுதான் இருக்கிறது. கடைசி வீட்டு அம்மாவின் தையல் மிஷினைக் கேட்டு வாங்கினேன். பேன்ட்டின் உள் தொடைத் தையலைப் பிரித்து, முழங்காலோடு வெட்டி, கீழ்க் கால் துணியில் நல்லதாக ஒரு துண்டு எடுத்து முன்னும் பின்னும் நடுவில் கொடுத்து, ஒரு நேர்ப் பாவாடை ஆக்கிவிட்டேன். நான் சொல்லாமலே வசந்தா பிளேடை எடுத்துக்கொண்டு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து தையலைப் பிரித்துக் கொடுத்தாள். 

கௌதமி போட்டுக் காட்டினதும் ராணியக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "ஏம்மா, முட்டி தெரியுதே. எம்பொண்ணு வேலைக்குப் போறாளா, ஓட்டப் பந்தயத்துக்குப் போறாளா?"

"வேல கெடைக்கட்டும்க்கா, அப்புறம் கணுக்கால் வரைக்கும் ஒட்டுப் போட்டுத் தரேன்" என்றேன்.

தெரு தாண்டுகிற வரைக்கும் இடுப்பில் ஒரு துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு போனாள் கௌதமி. பஸ் ஸ்டாப்பில் அவிழ்த்துப் பையில் வைத்துக்கொள்வாள். அப்போதுதான் நானே எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. பேன்ட்டோடு பார்த்துச் சலித்த சட்டைகள் எல்லாம் பாவாடைக்கு மேலே புதுசாக நின்றன. கீழே ஒன்று மாறினதும் மேலே எல்லாமே மாறிவிட்டது. நூறு கடை ஏறினாலும் கிடைக்காத பாடம் இது. இதைத்தான் நான் காவியாவிடம் தொண்டை வறளச் சொல்கிறேன், அவள் காதில் வயர் மாட்டிக்கொண்டிருக்கிறாள்.

கௌதமிக்கு வேலை கிடைத்தது. அந்தக் கடைசி வாரம் ஒரு நாள்கூட அந்த மேடம் அவள் துணியைப் பற்றி வாயைத் திறக்கவில்லையாம். ரிசல்ட் சொன்ன அன்று ராணியக்கா லைன் வீடு முழுக்கக் கேசரி கொடுத்தாள். கௌதமியின் அப்பா படுத்த இடத்திலிருந்து என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். எல்லாரும் என்னைத்தான் புகழ்ந்தார்கள், புகழவும் வேண்டும்.

முதல் சம்பளம் வந்த ஞாயிறு, கௌதமி எங்கள் வீட்டுக்கு வந்தாள். வேலை கிடைத்தவள் பெட்டிக்கு ஒரு நல்ல துணி போடுவாள் என்று நான் கட்டிலடியிலிருந்து பெட்டியை இழுத்து வைத்துக் காத்திருந்தேன். அவள் கையில் ஒரு பெரிய மூட்டை. அந்த மாதம் போட்ட அத்தனையும் துவைத்து, தேய்த்து, மடித்துக் கொண்டுவந்திருந்தாள். கறுப்புப் பாவாடை மேலே இருந்தது. ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கினாள்.

"எனக்கு இனிமே வேணாம்க்கா. நானே வாங்கிக்கிறேன். மத்தவங்களுக்கு ஆகட்டும்."

நல்ல மனசோடுதான் சொன்னாள். அதுதான் பிரச்சினை.  அந்த வாரமே அவர்கள் வீட்டுக்கு ஒரு இரும்பு பீரோ வந்தது, பூட்டுச் சாவியோடு.

அப்புறம் மற்றவர்கள். கௌதமியைப் பார்த்து இன்னொருத்தி ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒருத்தி சூப்பர் மார்க்கெட்டில் பில் போடப் போனாள், ஒருத்தி கல்யாணமாகிப் போனாள். சண்டை ஒன்றும் இல்லை. இண்டர்வியூவுக்குப் பெட்டித் துணி, வேலை கிடைத்தால் சொந்தத் துணி. நான் சேர்த்துக் கொடுத்த ஜோடிதான் ஒவ்வொருத்தியையும் பெட்டியை விட்டு வெளியே அனுப்பியது. தோற்றிருந்தால் பெட்டி பிழைத்திருக்கும். நான் ஜெயித்துத் தொலைத்தேன்.

கடைசி வரை பெட்டியை விடாதவள் யார் என்று நினைக்கிறீர்கள்? வசந்தா. அந்தக் கிளிப்பச்சையைப் பண்டிகைக்கு மட்டும் போடுவாள், மற்ற நாளெல்லாம் பெட்டித் துணிதான். பிளாட்பாரத்துக்கு என்னோடு வந்து, முஷ்டியைக் கசக்கி, ஊமைக் கலராகப் பொறுக்குவாள். அவளும் ஓசூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனாள். போகிறபோது பெட்டியிலிருந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். ஒன்றும் எடுக்கவில்லை. கிளிப்பச்சையை மட்டும் மடித்துக்கொண்டு போனாள்.

அந்த லைன் வீட்டை இடித்து நாலு மாடி கட்டிவிட்டார்கள். போன வருஷம் அந்தப் பக்கம் போயிருந்தேன். ஒவ்வொரு பால்கனியிலும் அவரவர் துணி, அவரவர் கிளிப். முன்பெல்லாம் ஒரே கொடியில் ஆறு வீட்டுத் துணியும் காயும். மழை தூறினால் யார் வீட்டில் இருக்கிறார்களோ அவர்கள் அள்ளிக்கொண்டு ஓடுவார்கள். யாருடையது என்று கேட்டு யாரும் எடுத்ததில்லை, கேட்க வேண்டியதும் இருந்ததில்லை.

வசந்தா போன அடுத்த வாரம், பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பினேன். பேக்டரி வேலையை விட்டுவிடலாம் என்று நான் முடிவு பண்ணியிருந்த நேரம். வாசலில் அந்தக் கட்டிலையே இழுத்துப் போட்டு, துணியை அடுக்கி, கடை என்று உட்கார்ந்துவிட்டேன். என் வியாபாரத்துக்கு முதல் சரக்கு அதுதான். ஒரே நாளில் விற்றுத் தீர்ந்தது, நீலசந்திராவில் அப்படி ஒரு போணியை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். வந்த ஒவ்வொரு பெண்ணிடமும் சொன்னேன், இந்தச் சந்தனச் சட்டை அந்தக் கறுப்புப் பாவாடையோடு சேரும், இந்தச் சாம்பல் கோட்டு இரண்டோடும் சேரும், சேர்த்து எடுத்துக்கொள் என்று. விலையைக் குறைத்துக்கூடச் சொன்னேன். ஆளுக்கு ஒன்றாகத்தான் எடுத்துக்கொண்டு போனார்கள்.